ஓரம் தூக்காத ஒட்டு

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்தப் புற்றுநோய்ப் பிரிவின் பெரிய டாக்டர். பக்கத்து நாற்காலியில் அவருடைய உதவி டாக்டர், சின்ன வயசுக்காரர். சுவரில் சாய்ந்து நின்ற ஒரு சிஸ்டர். மேஜைக்கு இந்தப் பக்கம் என் தம்பி, அவனுடைய மருமகள், நான். இவ்வளவு பேர்தான். கதவு சாத்தியிருந்தது. அந்த அறையில் நடந்ததை நேரில் பார்த்ததுபோல் இன்றைக்குப் பேசுகிற உறவுக்காரர்களில் ஒருத்தர்கூட அப்போது அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருக்கவில்லை.

மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதற்குள் உள்ளங்கை அகலத்தில், ஆஸ்பத்திரியில் ஊசிக் குழாய்மேல் போடுகிற கண்ணாடி ஒட்டு ஒன்று, அதைச் சுற்றி நாலு பட்டை டேப். என் தம்பி மகனின் கையிலிருந்து உரித்து எடுத்தது. அவன் கீழ்த்தளத்தில் ஐ.சி.யூ.வில் நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தான்.

"இத ஒட்டினது யாரு?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு வந்த பதிலை வைத்துத்தான் எங்கள் வீட்டுப் பேர் தெருவில் கிடக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நாங்கள் வண்டிகளுக்கு சீட் தைக்கிறவர்கள். கார், வேன், பஸ், ஒருமுறை பல் டாக்டர் ஒருவரின் சாய்வு நாற்காலிகூட வந்தது. என் அப்பா ஆரம்பித்த கடை. முன்னால் வண்டி நிறுத்த இடம், நடுவில் வெட்டு மேஜை, பின்னால் மெஷின்கள், மாடியில் வீடு. ரெக்ஸின் வாசனையும் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனையும் படியேறிச் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும். புருஷன் போய் நான் திரும்பி வந்ததிலிருந்து வெட்டு மேஜை என் பொறுப்பு. தையல் என் தம்பி. கடைசி வேலை அவன் மகனுடையது. ஃபோம்மேல் துணியை இழுத்துப் பொருத்தி, ஓரம் மடித்து, ஒட்டி, சுருக்கம் நீவி, வண்டிக்காரர் கையில் சாவியைக் கொடுக்கிறவன் அவன்தான். அவனைப் பெற்றவள் சீக்கிரம் போய்விட்டதால் அவனுக்கு அம்மா என்றாலும் அத்தை என்றாலும் நான்தான்.

கடையில் அவனுக்கு மில்லி என்று பேர். தையல் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பிரி என்பான். புதிதாக வருகிற ஆட்கள் அந்தப் பேரைக் கேட்டுச் சிரித்தால், "அது குடிக்கிற மில்லி இல்லப்பா, அளக்குற மில்லி" என்று என் தம்பி சொல்லுவான்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. எங்கேயாவது ஓரம் தூக்கியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. அப்போதே ஒட்டிவிட வேண்டும். நாளைக்கு என்று விட்டால் தூசி புகுந்துவிடும், பிறகு எந்தச் சொல்யூஷனும் பிடிக்காது. ஒட்டுகிற துண்டின் மூலையைச் சதுரமாக விடவும் மாட்டோம். சதுர மூலைதான் முதலில் உரியும். வளைத்து வெட்டுவோம். மில்லி வெட்டுகிற வளைவு காசை வைத்து வரைந்ததுபோல் இருக்கும். ஒரு வேன்காரர் அவன் ஒட்டின இடத்தைக் கண்ணாடி போட்டுத் தேடிவிட்டு, "கிழிஞ்ச வண்டியக் குடுத்தேன், வேற வண்டியத் தர்றியா?" என்று சண்டைக்கே வந்தார்.

அப்படிப்பட்டவனுக்குப் பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. பிறகு கால் முழுக்கச் சிவப்புப் புள்ளி. சோதித்துப் பார்த்ததில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். உடனே படுக்க வைத்தார்கள். கையில் நரம்புக்கு நரம்பு ஊசி குத்த முடியாது என்று புஜத்தின் உள்பக்கம் ஒரு மெல்லிய குழாயை நுழைத்தார்கள். லைன் என்று சொல்வார்கள்.

அதைப் போட்டுவிட்ட சிஸ்டர் பொறுமையாகத்தான் சொன்னாள். "இதோட நுனி இதயத்துக்குக் கிட்டப் போய் நிக்குது. மருந்து, ரத்தம் எல்லாம் இது வழியாத்தான். மேல இந்தக் கண்ணாடி ஒட்டு இருக்கு பாருங்க, இது நனையக் கூடாது, ஓரம் தூக்கக் கூடாது. தூக்கினா உடனே எங்ககிட்ட சொல்லுங்க."

மில்லி சிரித்தான். "சிஸ்டர், எங்க கடையிலயும் இதே சட்டம்தான்."

அவன் மனைவி பகலும் இரவும் அவனோடு இருந்தாள். நான் காலையில் சூப்பும் வேகவைத்த முட்டையும் எடுத்துக்கொண்டு போவேன், சாயங்காலம் திரும்புவேன். அவள் எங்கள் தொழில் தெரிந்த வீட்டிலிருந்து வந்தவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவள். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாத மருமகள் என்று நான் கல்யாணமான புதிதில் சொன்னது உண்டு. அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன், முதுகுக்குப் பின்னால் இல்லை.

வெயில் கொளுத்திய வாரம் அது. வார்டில் ஏ.சி. நின்றுபோய், இரண்டு பெரிய மின்விசிறிகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவை சூட்டைத் தூக்கி ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் போட்டன. மருந்து ஏற்றி மில்லியின் முடியெல்லாம் கொட்டியிருந்தது. வியர்வை தலையிலிருந்து நேராகத் தோளில் இறங்கியது.

பக்கத்து பெட்டில் ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர் ஒருவர். அவருக்கு வாய் ஓயாது.

"யோவ் மில்லி, என் மெத்தையப் பாருய்யா, நடுவுல குழி. நீ எந்திரிச்சதும் முதல் வேலை இதுதான்."

"முன்பணம் குடுத்தாத்தான் அளவெடுப்பேன் சார்."

"டிக்கெட் இல்லாம ஆஸ்பத்திரில படுத்திருக்க, உனக்கு முன்பணமா?"

சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் மருமகள் அதைப் பார்த்தாள். வியர்வையில் ஒட்டின் கீழ் ஓரம் நகத்தளவு தூக்கியிருந்தது. நேரே சிஸ்டர்கள் உட்காருகிற மேஜைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"சிஸ்டர், அவரோட ஒட்டு ஓரம் தூக்கியிருக்கு."

"லைன் ஒட்டு மாத்துறவங்க திங்கக்கிழமைதான் வருவாங்க. அந்த செட் அலமாரியில பூட்டியிருக்கு, சாவி அவங்ககிட்ட."

"உடனே சொல்லணும்னு சொன்னாங்களே?"

"சொல்லிட்டீங்கல்ல. கைய ஆட்டாம இருக்கச் சொல்லுங்க."

சாயங்காலம் மறுபடி போனாள். அப்போது வேறு சிஸ்டர். அவள் இரண்டு கையிலும் மருந்துத் தட்டோடு ஓடிக்கொண்டிருந்தாள். "நான் ஒருத்திம்மா. இந்த வார்டு மொத்தமும் நான் ஒருத்தி" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவளை நான் குறை சொல்லமாட்டேன். அவளை ஒருத்தியாக விட்டவர்களைச் சொல்வேன். ஞாயிறு காலையில் உதவி டாக்டர் வந்தபோது மருமகள் மூன்றாவது தடவையாகச் சொன்னாள். "சொல்றேன்" என்றார். யாரிடம் சொன்னாரோ. யாரும் வரவில்லை.

அன்று மத்தியானம் மில்லி தன் அப்பாவுக்குப் போன் செய்தான். வரும்போது கடையிலிருந்து கண்ணாடி டேப்பும் சின்னக் கத்தரிக்கோலும் கொண்டுவாருங்கள் என்றான். கிழிந்த சீட்டுக்கு மேலே போடுகிற டேப் அது. தண்ணீர் புகாது, காற்றும் புகாது. என் தம்பி எதற்கு என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஒருவன் சாமான் கேட்டால் கையில் கொடுப்பதுதான் வழக்கம். கொண்டுபோய்க் கொடுத்தான். மகன் வலதுகையால் வெட்டி, இடது புஜத்தில் நாலு பக்கமும் ஒட்டி, விரலால் நீவிவிட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தான். மருமகள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். "திங்கக்கிழமை வரைக்கும் தூசி புகாம இருக்கட்டும்" என்று அவன் சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமை ஒட்டு மாற்றுகிற சிஸ்டர் வந்தாள். அறையில் சுவரில் சாய்ந்து நின்றாள் என்று சொன்னேனே, அவள்தான். நானும் அப்போது அங்கே இருந்தேன். அவள் புஜத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அட! யாரு ஒட்டினது? நாங்க ஒட்டுறதவிட அழகா இருக்கே!"

"தொழில் சிஸ்டர்" என்றான் மில்லி.

"அப்ப எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்று சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க யாரும் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. தூக்கியிருந்த ஓரம் கண்ணில் பட்டிருந்தால் யாராவது ஒருத்தர் மாற்றியிருப்பார்கள். அவன் வேலை சுத்தமாக இருந்ததுதான் வினையாகிவிட்டது.

வார நடுவில் குளிர் வந்தது. அந்த வெயிலில் இரண்டு போர்வை போட்டும் கட்டில் ஆடியது. பல் அடித்துக்கொண்டது. டிக்கெட் பரிசோதகர் தன் போர்வையையும் எடுத்துக் கொடுத்தார். கீமோ கொடுத்தால் காய்ச்சல் வரும், வெள்ளை அணு குறைந்திருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. அடுத்த நாள் மறுபடி. லைனில் மருந்து தள்ளின கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நடுக்கம் வருகிறது என்று மருமகள் சொல்லிப் பார்த்தாள்.

"அந்தக் குழாயில மருந்து போனாத்தான் இவருக்கு இப்படி ஆகுது டாக்டர்."

"எல்லா மருந்தும் அந்தக் குழாயிலதாம்மா போகுது" என்றார் உதவி டாக்டர். அத்தோடு பேச்சு முடிந்தது.

வெள்ளிக்கிழமை ரத்த அழுத்தம் இறங்கி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தான். அப்போதுதான் ஒட்டை உரித்தார்கள். அடியில் வியர்வை தேங்கி, தோல் தண்ணீரில் ஊறின விரல்போல வெளுத்து, குழாய் நுழைகிற இடம் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. லைனைப் பிடுங்கினார்கள். அதிலிருந்து எடுத்த ரத்தத்திலும் மறு கையிலிருந்து எடுத்த ரத்தத்திலும் ஒரே கிருமி வளர்ந்தது என்று பிறகு சொன்னார்கள். குழாய் வழியாக இதயம் வரைக்கும் போய் உடம்பு பூராவும் பரவிவிட்டதாம்.

இனி, மறுநாள் அந்த அறை.

"இத ஒட்டினது யாரு?" என்று கேட்டுவிட்டு, பெரிய டாக்டர் மருமகளைத்தான் பார்த்தார். கூடவே இருந்தவள் அவள்தானே.

நான் என் தம்பியைப் பார்த்தேன். டேப்பைக் கொண்டுபோனவன் அவன். பார்த்துக்கொண்டு நின்றவன் அவன். அவன் தரையைப் பார்த்தான். தரையில் ஒன்றும் இல்லை.

"நான்தான் டாக்டர். நான்தான் ஒட்டினேன்" என்றாள் மருமகள்.

"படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. எதுக்கும்மா இதுல கை வச்சீங்க? இது என்ன சுவத்துல ஒட்டுற காகிதமா? உள்ள ஈரத்த வச்சு மூடிட்டீங்க. எதிர்ப்பு சக்தியே இல்லாத உடம்பு. ஒரு வாரமா கிருமியப் பொத்தி வளத்திருக்கீங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என் தம்பி இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொய்" என்றேன்.

"என்னம்மா?"

"இவ சொல்றது பொய். இவளுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கவே வராது. அந்த டேப்போட மூலையப் பாருங்க. அது என் தம்பி மகன் கை. கீழ படுத்திருக்கானே, அவன் ஒட்டினது. டேப்பு எங்க கடை டேப்பு. கொண்டுபோய்க் குடுத்தது அவனப் பெத்தவன், இதோ உக்காந்திருக்கான்."

"அத்தை, வேணாம்" என்று மருமகள் என் கையைப் பிடித்தாள்.

"நீ சும்மா இரு. டாக்டர், சீட்டுக்கு ஒட்டுற டேப்ப உடம்புல ஒட்டினது தப்பு. எங்க வீட்டுத் தப்பு. அத இன்னொருத்தி தலையில கட்டி நாங்க எந்திரிச்சுப் போக மாட்டோம். இப்ப உங்க வீட்டுத் தப்பச் சொல்லுங்க."

"எங்க சைடுல என்ன இருக்குன்னு நாங்க விசாரிப்போம்."

"எத விசாரிப்பீங்க? ஓரம் தூக்கினா உடனே சொல்லுன்னீங்க. இவ சொன்னா. மேஜைக்குப் போய்ச் சொன்னா. சாயங்காலம் போய்ச் சொன்னா. இந்தச் சின்ன டாக்டர்கிட்டயும் சொன்னா, சொல்றேன்னார். கேளுங்க, பக்கத்துலதான இருக்கார்!"

உதவி டாக்டர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"வியாதி லீவு எடுக்குமா டாக்டர்? சனி ஞாயிறுல கிருமி வீட்டுக்குப் போயிருமா? சாவிய ஒருத்தர் இடுப்புல சொருகி வச்சுட்டு, சாகக் கிடக்குறவன கைய ஆட்டாதன்னு சொல்றதுதான் வைத்தியமா?"

"சத்தம் போடாதீங்கம்மா."

"போடுவேன். திங்கக்கிழமை வந்தாங்களே, அவங்க பாத்தாங்க. அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் பக்கத்துல நின்னேன்."

பெரிய டாக்டர் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது.

"ஆமா டாக்டர். பாத்தேன்" என்றாள். "உரிச்சுப் பாத்திருக்கணும். அன்னைக்கு ரெண்டு வார்டு எனக்கு. நல்லா இருக்கேன்னு விட்டுட்டேன்."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாத முகம் களைத்துத் தெரிந்தது.

"அவனுக்கு இன்னொரு லைன் போடுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பிழைச்சு வரட்டும்மா. வந்தா போடுவோம்."

வெளியே வந்து படியில் மருமகளை நிறுத்தினேன்.

"எதுக்குடி பொய் சொன்ன? தியாகமா?"

"அவரே கை வச்சாருன்னு தெரிஞ்சா, சொன்ன பேச்சு கேக்காத ஆளுன்னு இனிமே லைனே போட மாட்டாங்களோன்னு பயந்துட்டேன் அத்தை. லைன் இல்லாம கீமோ எப்படிப் போடுவாங்க? என்னத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும்."

அதைக் கேட்ட பிறகு அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தம்பியிடம் திரும்பினேன்.

"உனக்கு நாக்கு எங்கடா போச்சு?"

"அக்கா, பெத்த பையனுக்கு நானே எமனாயிட்டேன்னு எப்படிக்கா சொல்றது?"

"அதுக்கு இவ ஆனா பரவாயில்லையா?"

அவன் படியிலேயே உட்கார்ந்து அழுதான். நான் தேற்றவில்லை.

சாயங்காலம் ஐ.சி.யூ.வில் ஒரு ஆள் மட்டும் போகலாம் என்று என்னை விட்டார்கள். கையெல்லாம் கழுவச் சொல்லி, அங்கி மாட்டிவிட்டு, முகத்தையும் மூடிவிட்டார்கள். அங்கே மட்டும் எல்லாம் சட்டப்படி இருந்தது. அதைப் பார்க்க இன்னும் ஆத்திரம்தான் வந்தது. மில்லி கண்ணைத் திறந்தான். மூக்கும் வாயும் மறைய ஆக்ஸிஜன் மூடி, அதற்குள்ளிருந்து பேசினான். குனிந்து கேட்டேன்.

"அத்தை... அவளத் திட்டாதீங்க. நான்தான் ஒட்டினேன்."

"தெரியும்டா. வாய மூடிட்டுத் தூங்கு."

"ஒரு நாள் தாங்கினாப் போதும்னு..."

"நல்லாத்தான் ஒட்டியிருந்த. அதான் தொல்லை."

சிரிக்கப் பார்த்தான். அந்த மூடியில் மூச்சு படிந்து அவன் வாய் எனக்குத் தெரியவில்லை. அவன் கால் ஐஸ்போல இருந்தது. சிஸ்டர் வெளியே போகச் சொல்லும்வரை காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது போய்விட்டான். வயது முப்பத்திரண்டு.

வீட்டில் நாற்காலி போதாமல், வண்டியில் ஏறக் காத்திருந்த சீட்டுகளை இறக்கிப் போட்டோம். வந்தவர்கள் அவன் ஒட்டி முடித்ததன்மேல் உட்கார்ந்துகொண்டு அவனைப் பற்றிப் பேசினார்கள். நான் டீ எடுத்து வரப் போனபோது சமையலறையில் என் பெரியப்பா மகள், என்னைவிட இரண்டு வயது பெரியவள், யாரிடமோ குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவளே டாக்டர்கிட்ட ஒத்துக்கிட்டாளாம், நான்தான் ஒட்டினேன்னு. டேப்ப ஒட்டிப் புருஷனையே அனுப்பி வச்சுட்டா. படிச்ச திமிரு."

"யாருக்கா சொன்னது?" என்று கேட்டேன்.

அவள் திடுக்கிட்டாள். "உன் தம்பிதான் சொன்னான். நானா இட்டுக்கட்டுறேன்?"

பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை விழுங்கியிருக்கிறான். நான் டீத் தட்டைக் கீழே வைத்தேன். தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, எல்லோரும் உட்கார்ந்திருந்த இடத்தில் நடுவில் நிறுத்தினேன்.

"சொல்லு. டேப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யாரு?"

"அக்கா, இன்னைக்கு வேணாமே."

"இன்னைக்குத்தான். யாரு?"

"நான்."

"ஒட்டினது யாரு?"

"அவன்."

"இவ என்ன சொன்னா அப்ப?"

"வேணாம்னு சொன்னா."

"சத்தமா."

"வேணாம்னு சொன்னா!" என்று கத்திவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். மருமகள் மாடிப்படியின் அடியில் நின்றிருந்தாள். அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. என் பெரியப்பா மகள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, "துக்க வீட்டுல என்ன பேச்சு இது" என்றாள். துக்க வீட்டில்தான் அவள் பேசினாள். போ என்றேன். போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சு இல்லை. இருக்கவும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் இப்போது சனி ஞாயிறிலும் லைன் ஒட்டு மாற்றுகிறார்களாம். டிக்கெட் பரிசோதகர் போனில் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரும் என்று நினைத்திருப்பார். அலமாரியைத் திறந்து வைக்க அவர்களுக்கு எங்கள் பிள்ளையின் உயிர் வேண்டியிருந்திருக்கிறது என்றேன். ஆமாம்மா என்றார்.

இப்போது புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. மருமகளை நாங்கள் பெட்டியோடு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோமாம். அனுப்பவில்லை. அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், துணைக்குப் போயிருந்தாள். போன வியாழக்கிழமை திரும்பி வந்துவிட்டாள். மாடியில் இருக்கிறாள்.